ராபர்ட் ஆர்ம்: நம் நிலத்துப் போர்களை ஏட்டில் எழுதியவர்

போரைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. புறத்திணை என்று தனி இலக்கணமே வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. ஆநிரை கவர்தல் முதல் வெற்றி விழா வரை போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூவும் ஒரு துறையும் கண்டவர்கள் நம் முன்னோர். முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைச் செயங்கொண்டார் பரணியாக்கினார். செஞ்சித் தேசிங்கின் முடிவை நாட்டுப்புறத்தார் கதைப்பாடலாக்கினர். ஆயினும், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்க்காட்டிலும் காஞ்சியிலும் செங்கல்பட்டிலும் நடந்த போர்களை நாள் குறித்து, படைத்தொகை குறித்து, நிலப்படம் வரைந்து, நூலாக அச்சேற்றியவர் தமிழர் அல்லர். ராபர்ட் ஆர்ம் என்னும் ஆங்கிலேயரே அவர்.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில், கவிஞர் நிறைந்த அவையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. சென்னையிலிருந்து காஞ்சிக்குப் படைகள் போய்வந்த வழிக்கு அருகில் அமைந்தவை திருப்பெரும்புதூரும் வல்லம் வடகாலும் ஒரகடமும். இந்நிலத்தின் மீது நடந்தவற்றை நாம் அறிய வேண்டுமாயின், அவரைப் படிக்காமல் இருக்க இயலாது. அவரை மட்டும் படித்து நின்றுவிடவும் இயலாது. இவ்விரண்டையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அஞ்சுதெங்கில் பிறந்தவர்

ஆர்ம் 1728ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் திருவிதாங்கூர்க் கடற்கரையில் உள்ள அஞ்சுதெங்கில் பிறந்தார். ஆங்கிலேயர்க்கு அங்கே ஒரு கோட்டையும் மிளகு வணிகமும் இருந்தன. தந்தை அலெக்சாண்டர் ஆர்ம் கம்பெனியின் மருத்துவர். இரண்டு வயதுக் குழந்தையாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட ராபர்ட், ஹாரோ பள்ளியில் பயின்றார். 1742இல் தம் பதினான்காம் அகவைக்குள் கல்கத்தா வந்து சேர்ந்து, அடுத்த ஆண்டே கம்பெனியின் எழுத்தர் ஆனார். எழுத்தர் என்பது அந்நாளில் கம்பெனிப் பணியின் முதற்படி. சரக்கு, கணக்கு, கடிதம் ஆகிய இம்மூன்றே அவர்களின் உலகம். ஆர்ம் அவ்வுலகத்துக்குள் அடங்கவில்லை. கிரேக்க, இலத்தீன் நூல்களில் அவர் கொண்ட ஈடுபாட்டைக் கண்ட நண்பர்கள் அவரைச் 'சிசெரோ' என்றே அழைத்தனர். 1752இல், தம் இருபத்து நான்காம் அகவைக்குள், இந்துஸ்தானத்தின் ஆட்சிமுறையையும் மக்களையும் பற்றி ஒரு பொதுநூலின் பெரும்பகுதியை எழுதினார்.

1753இல் அவர் தாயகம் சென்ற கப்பலிலேயே ராபர்ட் கிளைவும் சென்றார். ஆர்க்காட்டு முற்றுகையில் பெயர் பெற்ற கிளைவுக்கு அப்போது வயது இருபத்தெட்டு நிரம்பவில்லை. ஒருவர் போரை நடத்தியவர். மற்றவர் போரை எழுதப் போகிறவர். அக்கடற்பயணத்தில் இறுகிய நட்பு பின்னாளில் ஆர்மின் நூலுக்கு ஊற்றாகவும் அமைந்தது; சுமையாகவும் அமைந்தது.

கோட்டையின் ஆலோசனைச் சபையில்

1754 செப்டம்பரில் ஆர்ம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைச் சபை உறுப்பினராக வந்தமர்ந்தார். 1758 வரை அப்பதவியில் இருந்தார். கர்நாடகப் போர்களின் செய்திகள் யாவும் வந்து குவிந்த மேசை அது. கட்டளைகள் அங்கிருந்தே புறப்பட்டன. தோல்விக்கான விளக்கங்களும் அங்கேதான் வந்து சேர்ந்தன. 1756இல் கல்கத்தா வீழ்ந்த செய்தி சென்னைக்கு எட்டியபோது, பெரும்படையை அனுப்ப வேண்டும் என்றும், அதற்குக் கிளைவையே தலைவராக்க வேண்டும் என்றும் சபையில் வற்புறுத்தியவர்களுள் ஆர்ம் முதன்மையானவர். அவ்வாண்டு அக்டோபரில் சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட அப்படையே 1757 ஜூனில் பிளாசியில் வென்றது. வங்காளத்தின் தலைவிதியை மாற்றிய ஒரு முடிவு நம் சென்னைக் கோட்டை அறை ஒன்றில் எடுக்கப்பட்டது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1758இன் இறுதியில் ஆர்ம் சென்னையை விட்டுப் புறப்பட்டார். லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிடுவதற்குச் சற்று முந்திய காலம் அது. அவர் சென்ற கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. மொரீசியசுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், பிரான்சு வழியாக 1760இல்தான் லண்டனை அடைந்தார். ஆகவே சென்னை முற்றுகையையோ, 1760 ஜனவரி 22ஆம் நாள் நடந்த வந்தவாசிப் போரையோ அவர் கண்டவர் அல்லர். ஆயினும் அவற்றை அவர் எழுதியிருக்கும் நுட்பம், அருகில் நின்று பார்த்தவரின் நுட்பமாகவே இருக்கிறது.

எழுதிய முறை

லண்டனில் ஹார்லி தெருவில் வீடு அமைத்துக்கொண்டு, எஞ்சிய வாழ்நாளை ஆர்ம் ஒரே பணிக்குச் செலவிட்டார். 'இந்துஸ்தானத்தில் பிரிட்டிஷ் நாட்டினரின் படைச் செயல்கள்' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட அவரது வரலாற்றின் முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. இரண்டாம் தொகுதி வெளிவர மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அது 1778இல் வந்தது. 1761இல் புதுச்சேரியும் செஞ்சியும் வீழ்வதோடு நூல் நிறைவுறுகிறது. 1769இல் கம்பெனி அவரைத் தன் அதிகாரப்பூர்வ வரலாற்றாசிரியராக அமர்த்தியது. முகலாயப் பேரரசு, மராட்டியர் ஆகியோரைப் பற்றிய வரலாற்றுத் துணுக்குகளை 1782இல் வெளியிட்டார்.

அவர் மேற்கொண்ட முறை எண்ணற்பாலது. சபைக் குறிப்பேடுகள், படைத்தலைவர்களின் நாட்குறிப்புகள், கடிதங்கள், கோட்டைகளின் வரைபடங்கள் ஆகியவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். போரில் பங்குகொண்டோர்க்குக் கடிதம் எழுதி, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். எதிர்த்தரப்பின் பெருந்தலைவரான புஸ்ஸியைப் பிரான்சு நாட்டுக்கே சென்று சந்தித்தார். ஒரு நாட்டின் கூலி பெற்று எழுதியவர், மாற்றாரின் வாய்மொழியையும் கேட்க வேண்டும் என்று கருதியது குறிப்பிடத்தக்கது. கிளைவுடனான நட்பு 1760களின் இறுதியில் முறிந்தது. புகழ்பெற்ற நண்பரின் நிழலில் தொடங்கிய நூல், அந்நட்பு போன பின்னரும் தொடர்ந்து எழுதப்பட்டது.

அவரது நூலில் குறை கண்டோர் உண்டு. நடையழகில் ஆர்முக்கு நிகரான ஆங்கில வரலாற்றாசிரியர் அரியர் என்று ஏற்றுக்கொண்ட மெக்காலே, சலிப்பூட்டும் அளவுக்கு நுணுகி எழுதுகிறார் என்று குறையும் சொன்னார். 48 மணி நேரத்து நிகழ்ச்சிக்கு ஒரு பெரிய பக்கம் வீதம் செலவிடுகிறார் என்று கணக்கும் காட்டினார். மெக்காலேயின் குறையே நமக்கு வரமாயிற்று. பேரரசுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல நூறு பேர் உளர். ஒரு சிற்றூரின் மண்கோட்டைக்கு முன் எத்தனை பேர் நின்றனர் என்று சொல்ல, நுணுகி எழுதும் ஒருவர் வேண்டும்.

1801 ஜனவரியில் லண்டனை அடுத்த ஈலிங்கில் ஆர்ம் மறைந்தார். அவர் திரட்டிய கையெழுத்துப் படிகளும் வரைபடங்களும் கம்பெனியின் நூலகத்தைச் சேர்ந்தன. இப்போது அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 1916இல் அவற்றுக்கு விளக்க அட்டவணை வெளியிட்ட எஸ். சி. ஹில் என்பாரே, அதற்கு இரண்டாண்டுகள் முன்னர் யூசுப்கானைப் பற்றித் தனிநூல் எழுதியவர். ஒரு மனிதர் சேர்த்து வைத்த தாள்கள், நூறாண்டு கழித்து வேறொருவருக்கு ஒரு தமிழ் வீரனைக் காட்டிக் கொடுக்கத் துணைநின்றன.

நம் பக்கத்துப் போர்கள்

ஆர்மின் ஏட்டைத் திறந்தால் நமக்குத் தெரிந்த ஊர்களே எதிர்ப்படுகின்றன, பெயர்தான் உருமாறியிருக்கும். காஞ்சிபுரம் கஞ்சிவரம் ஆகிறது. செங்கல்பட்டு சிங்கிள்பட் ஆகிறது. கோவளம் கோவ்லாங் ஆகிறது.

1751 ஆகஸ்டு இறுதியில் கிளைவ் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்ட சிறுபடையுடன் சென்னையை விட்டுக் காஞ்சி வழியாக ஆர்க்காடு நோக்கி நடந்தார். இடியும் மின்னலும் பெருமழையும் சூழ்ந்த வேளையிலும் அப்படை தயங்காமல் நடந்து வருவதை ஒற்றர் சொல்லக் கேட்டு, ஆர்க்காட்டுக் கோட்டைக் காவலர் அதனைத் தீநிமித்தம் எனக் கொண்டு கோட்டையை விட்டு அகன்றனர் என்று ஆர்ம் எழுதுகிறார். பின்னர் 50 நாள் முற்றுகை நடந்தது. 1752 தொடக்கத்தில் எதிர்ப்படை வண்டலூரில் தங்கிப் பூந்தமல்லிப் பகுதியைக் கொள்ளையிட்டது. பரங்கிமலையில் இருந்த ஆங்கிலேயரின் வீடுகள் எரிந்தன. கிளைவ் வர, அப்படை காஞ்சிக்கு விலகிச் சென்றது; காவேரிப்பாக்கத்தில் போர் மூண்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் கோவளமும் செங்கல்பட்டும் கிளைவின் கைக்கு வந்தன. 1758-59இல் லாலி சென்னையை முற்றியிருந்தபோது, செங்கல்பட்டிலிருந்து புறப்பட்ட படைகள் அவருடைய உணவு வழிகளை அறுத்தன. அவற்றுள் ஒன்றின் தலைவர் யூசுப்கான்.

வண்டலூர், காஞ்சி, செங்கல்பட்டு, பரங்கிமலை என்னும் நான்கு ஊர்களையும் கோடிட்டு இணைத்தால், நடுவில் அமைவது நம் ஒரகடமும் வல்லமும் திருப்பெரும்புதூரும் அடங்கிய நிலம். எட்டு ஆண்டுகளுக்குமேல் படைகள் குறுக்கும் நெடுக்குமாக நடந்த நிலம் இது. படை நடந்தால் மாடு போகும், வைக்கோல் போகும், விதைநெல்லும் போகும். ஆனால் ஆர்மின் ஏட்டில் இவ்வூர்க் குடியானவர் பேசுவதில்லை. கொள்ளை நடந்தது என்பது ஒரு வரி. யாருடைய களத்து நெல் என்பது அவ்வரியில் இல்லை.

எழுதியதும் விடுத்ததும்

எனினும் ஆர்மைப் பகைவர் என்று ஒதுக்கிவிடுவது எளிதன்று. தம் தரப்பின் கொடுமையை அவர் மறைக்கவில்லை என்பதற்கு 1755ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. கர்னல் ஹெரான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்குப் படையெடுத்துச் சென்றார். மதுரையை அடுத்த கோவில்குடியில் கோயில் உடைக்கப்பட்டுத் தெய்வத் திருமேனிகள் சூறையாடப்பட்டன. தெற்கே நெல்லிக்கோட்டையில் இருந்த ஏறத்தாழ 400 பேரில், ஆண் பெண் என்றும் முதியோர் இளையோர் என்றும் பாராத கொலைக்குத் தப்பியவர் 6 பேர் மட்டுமே என்று ஆர்மே பதிந்திருக்கிறார். அப்போது அவர் அதே கம்பெனியின் சபை உறுப்பினர்.

அப்படை திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர் மக்கள் காட்டிலிருந்து பாய்ந்து தாக்கினர். வண்டியில் இருந்த தம் திருமேனிகளைக் கண்டதும் அவர்கள் 'சாமி, சாமி' என்று கூவி அவற்றை மீட்டுச் சென்றதை ஆர்ம் எழுதுகிறார். இரண்டு பெருந்தொகுதிகள் கொண்ட ஆங்கில நூலில், தமிழ் மக்கள் தம் வாயால் சொன்ன சொல் நம் காதில் விழும் அரிய இடம் அது. கவிஞர்கள் அதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆர்க்காட்டு முற்றுகையில் கோட்டைக்குள் 45 ஐரோப்பியரும் 30 சிப்பாய்களும் இறந்தனர் என்பது அவர் தரும் கணக்கு. சோற்றை வெள்ளையர்க்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைத் தாம் குடித்த சிப்பாய்களின் கதையோ, 1836இல் வந்த மால்கமின் நூலாலும் 1840இல் வந்த மெக்காலேயின் கட்டுரையாலும் உலகெங்கும் பரவியது. எண்ணிக்கையும் கிடைத்தது, கதையும் கிடைத்தது. அந்தச் சிப்பாய்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

மற்றொன்றையும் ஆர்ம் நமக்கு உணர்த்துகிறார். இன்று நம் மேடைகளில் பூலித்தேவரையும் மருதநாயகம் என்னும் யூசுப்கானையும் ஒரே மூச்சில், ஒரே அணியின் வீரர்களாகப் பாடும் வழக்கம் பெருகியுள்ளது. ஏட்டில் நிலை வேறு. 1756 முதல் யூசுப்கான் கம்பெனியின் படைத்தலைவராகத் திருநெல்வேலிச் சீமையில் பூலித்தேவரை எதிர்த்துப் போரிட்டவர். பின்னர் அதே கம்பெனிக்கும் நவாபுக்கும் எதிராக மதுரையில் நின்று, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டவர். இவ்விரண்டும் உண்மை. முதற்பாதியை மறைத்துவிட்டு இரண்டாம் பாதியைப் பாடினால், அந்த மனிதரின் வாழ்வில் நிகழ்ந்த பெருந்திருப்பமே காணாமற் போகும். பாட்டுக்கு உரிய பொருள் அத்திருப்பத்தில்தான் இருக்கிறது. வீரரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணி அவர் வாழ்வின் பாதியை அழிப்பது, புகழ்ச்சியின் வேடத்தில் வரும் மறதியே ஆகும்.

உடன்வைத்துப் படிக்க வேண்டியவை

ஆர்ம் ஒருவரே சாட்சி அல்லர். அவர் சென்னையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். 1736இல் தொடங்கிய அக்குறிப்பு, 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்வதற்குச் சில நாள்கள் முன்பு அவர் மறையும் காலம் வரை நீள்கிறது. சரக்கின் விலையும், ஆளுநரின் கோபமும், அகதிகளாய் ஓடிவந்தோரின் நிலையும், கோள்களின் இருப்பும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. ஆர்ம் போர்க்களத்தைக் காட்டுகிறார். பிள்ளை போர்க்காலத்தைக் காட்டுகிறார். ஆனால் ஆர்மின் நூல் அவர் வாழ்நாளிலேயே அச்சேறிப் பெயர் பெற்றது. பிள்ளையின் ஏடோ 1846இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. தமிழில் எழுதாமல் இருந்தோம் என்பதைக் காட்டிலும், எழுதியதைப் போற்றாமல் இருந்தோம் என்பதே நம் நிலைக்குப் பொருந்தும்.

இரண்டாவதாக, கதைப்பாடல்கள். நா. வானமாமலை 1972இல் பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' யூசுப்கானின் கதையை மக்கள் நாவிலிருந்து தருகிறது. அதில் நாளும் தொகையும் தவறலாம். ஆனால் மக்கள் யாருக்காக அழுதனர் என்பதில் தவறு இராது. அக்கணக்கு ஆர்மிடம் கிடைக்காது.

மூன்றாவது, நம் பகுதிக்கே உரியது. 1763இல், ஆர்மின் முதல் தொகுதி வெளிவந்த அதே ஆண்டில், நவாபு முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்டு அச்சீமையின் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்தார். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புன்செய், யாருக்கு எவ்வளவு மானியம் என்பன பதிவாயின. அதற்கு அடிப்படையாக ஊர்க்கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகளும் இருந்தன. படைகள் மிதித்துச் சென்ற சில ஆண்டுகளுக்குள் எடுக்கப்பட்ட கணக்கு இது. ஆர்மின் வரியில் காணாமற்போன குடியானவரின் வீடும் வயலும் இக்கணக்கில் வந்து நிற்கின்றன. கணக்கப்பிள்ளையின் ஓலையை இலக்கியம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் ஓர் ஊரின் முகம் அதில் தெரிகிறது.

நம் முன் உள்ள பணி

வல்லம் வடகாலும் ஒரகடமும் இன்று தொழிற்சாலைகளால் அறியப்படும் பெயர்கள். 2024 ஆகஸ்டில் இங்கே 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்து, முறை மாறி மாறி உழைக்கும் அம்மக்களும் இவ்வூரின் குடிகளே. தாம் கால் வைத்திருக்கும் நிலம் எத்தகையது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? 2022இல் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகள் கிடைத்தன. கற்காலம் வரை ஆழம் உள்ள நிலத்துக்கு, முந்நூறு ஆண்டு வரலாறு எழுத ஆள் இல்லை என்பது முறையாகுமா?

'கால்' என்னும் சொல்லுக்கு வாய்க்கால் என்றும் பொருள் உண்டு. வடகால் என்னும் பெயரில் நீரோடிய நினைவு ஒளிந்திருப்பதாகக் கொள்ள இடமுண்டு. இத்தகைய பெயர்கள் ஏரிக்கரைக்கும் மேட்டுக்கும் தோப்புக்கும் மடைக்கும் இருந்தன; முதியோர் நாவில் இன்னும் சில இருக்கின்றன. வயல் மனையாகி, மனை ஆலையாகும்போது, பட்டாவில் எண் எஞ்சும், பெயர் எஞ்சாது.

ஆர்மிடம் நாம் கற்கத்தக்கது அவருடைய அரசியல் அன்று. தாளைச் சேர்த்தல், சாட்சியைக் கேட்டல், மாற்றாரிடமும் கேட்டல், தம்மவர் செய்த கொடுமையையும் எழுதுதல், பதினைந்து ஆண்டுகள் ஆயினும் முடிக்கும்வரை விடாதிருத்தல் ஆகிய இவையே. கம்பெனி ஒன்றுக்காக ஒருவர் இத்தனை செய்தார் எனில், சொந்த ஊருக்காக நாற்பது பேர் கூடிய ஒரு வட்டம் எவ்வளவோ செய்யலாம்.

ஆகவே, வரும் பத்தாண்டுக்கு நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் நிலப்பெயர்கள், நீர்ப்பெயர்கள், கோயில் வழக்குகள், முதியோர் சொல்லும் பஞ்சம், கொள்ளை, குடிபெயர்வுக் கதைகள் ஆகியவற்றைச் சொன்னவர் வயதும் கேட்ட நாளும் குறித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். கதை தம் குலத்துக்கு உவப்பாக இல்லையெனில், அதனைத் திருத்தாமல் எழுத வேண்டும். கவிதை அதன்பின் வரட்டும். அடுத்த மலரில் அக்குறிப்புகளுக்கென்று முதற்பத்துப் பக்கங்களை ஒதுக்குவோம்.